நுரை ஊதிய வீடுகள்

பாலைக் கறந்ததும் முனிரத்தினம் உடனே கொடுத்துவிட மாட்டார். இருமல் மருந்துப் புட்டியோடு வரும் பிளாஸ்டிக் மூடி ஒன்றை அளவுக்கு வைத்திருந்தார். அதைக் கழுதையின் காம்புக்கு நேராகப் பிடித்து, இரண்டு விரலால் நாலு இழுப்பு இழுப்பார். மூடி நிறைந்ததும் அதைத் தன் வாய்க்கு அருகே கொண்டுவந்து, உதட்டைக் குவித்து, மேலே மிதக்கும் நுரையை ஒரே ஊதலில் வெளியே தள்ளுவார். "நொரயோட குடுத்தா பச்சப்புள்ளைக்கு வவுறு உப்பிக்கும்மா. ஊதித்தான் குடுக்கணும்" என்பார். பிறகு குழந்தையைத் தாயின் மடியில் மல்லாக்கக் கிடத்தச் சொல்லி, கன்னத்தை ஒரு விரலால் அழுத்தி, வாய் திறந்ததும் பாலைச் சாய்ப்பார். அந்த நேரத்தில் அவர் முகத்துக்கும் குழந்தையின் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும்.

குழந்தையின் பெயரை அவர் கேட்பதில்லை. "எத்தினி நாளு?" என்றுதான் கேட்பார். இருபது நாள் என்றால் அரை மூடி. நாற்பது நாள் என்றால் முழு மூடி. ஆறு மாதம் தாண்டிய குழந்தையை யாராவது தூக்கிக்கொண்டு வந்தால், "இதுக்கு இன்னாத்துக்கும்மா? பிரியாணி துண்ற வயசாவுது" என்று திருப்பி அனுப்பிவிடுவார். சளிக்கும் மாந்தத்துக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கக்குவான் இருமலுக்கும், கழுதைப்பாலை மிஞ்சிய மருந்து கிடையாது என்பது அவருடைய உறுதியான எண்ணம். வியாபாரத்துக்காக அப்படிச் சொல்கிறவர் இல்லை. நம்பியே சொல்கிறவர். தனக்குத் தலைவலி என்றாலும் அதே மூடியில் அதே பாலைத்தான் குடிப்பார்.

வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மெலிந்த உடம்பு, நீளமான கழுத்து. யாரோ வேலையை விட்டுப் போகும்போது கொடுத்த கம்பெனிச் சட்டையைத்தான் போட்டிருப்பார். மார்பில் இருந்த கம்பெனிப் பெயரை மட்டும் பிரித்து எடுத்துவிட்டார். எடுத்த இடம் மற்ற துணியைவிடக் கருநீலமாகத் தெரியும். காலில் கயிறு இல்லாத சேஃப்டி ஷூ. "இரும்பு வெச்ச ஷூவு. பூஜா மிதிச்சாக்கூட ஒண்ணும் ஆவாது" என்று காலைத் தூக்கிக் காட்டுவார்.

பூஜா என்பது கழுதையின் பெயர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஆயுத பூஜை அன்று வாலாஜாபாத் பக்கத்திலிருந்து வாங்கியதால் அந்தப் பெயர். ஒரு வீட்டில் பெயரைக் கேட்டதும் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணா, எங்க லைன் லீடர் பேரும் பூஜாதான். வந்து ஒரு செல்ஃபி எடுத்துக்கட்டுமா?" என்றாள். முனிரத்தினம் யோசித்துவிட்டு, "எடுத்துக்க. ஆனா அந்தம்மா ஒதைக்காது, இது ஒதைக்கும்" என்றார்.

சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில்தான் பூஜாவையும் அதன் குட்டியையும் கட்டுவார். மனையின் ஓரத்தில் தார்ப்பாய் போட்ட ஒரு அறை. அங்கேதான் தூக்கம், சமையல் எல்லாம். அதனால் அவரைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

மற்ற ஊர்களில் கழுதைப்பால்காரர்கள் கூவிக்கொண்டு போவார்கள். முனிரத்தினம் கூவமாட்டார். எங்கள் பக்கத்தில் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் எந்த நேரத்திலும் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் காலை எட்டு மணிக்குத்தான் படுப்பார்கள். "கூவுனா ஜன்னல்லேர்ந்து செருப்பு வரும்" என்பார். அவர் கூவாததற்குப் பதிலாக பூஜா நிற்கும். ஒரு வீட்டில் ஒருமுறை பால் வாங்கிவிட்டால் அந்த வீட்டில் பூஜாவுக்கும் பழைய சோறோ வாழைப்பழத் தோலோ கிடைத்திருக்கும். அடுத்த தடவை அந்த வாசல் வந்ததும் அது தானாக நின்றுவிடும். ஜன்னல் வழியே கழுதையைப் பார்த்துப் பெண்கள் குழந்தையோடு வெளியே வருவார்கள். வியாபாரம் சத்தமில்லாமல் நடக்கும்.

வீடுகளுக்கு அவர் வைத்திருந்த அடையாளமும் வித்தியாசமானது. கதவு எண் தெரியாது, பெயர் தெரியாது. கொடியில் காயும் யூனிஃபார்ம்தான் அடையாளம். "சாம்பக் கலரு சட்ட வூடு", "ரோஸ் கோட்டு வூடு", "நீலமும் வெள்ளையுமா கோடு போட்ட வூடு" என்றுதான் சொல்வார். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வல்லக்கோட்டைப் பக்கம் வரைக்கும் இப்படித்தான் அவருக்கு ஊர் தெரியும்.

போன தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில் அவருக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. "மழ ஜலுப்பு" என்று சொல்லி, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வழக்கம்போலப் போய்வந்தார். யாரும் கவனிக்கவில்லை. அந்த மழையில் எல்லாருக்கும்தான் மூக்கு ஒழுகியது. இரண்டு வாரம் கழித்து இருமல் பிடித்தது. சாதாரண இருமல் இல்லை. ஒரே மூச்சில் பத்து, பதினைந்து என்று அடுக்கடுக்காக இருமுவார். நடுவில் மூச்சை இழுக்க இடமே இருக்காது. கழுத்து நரம்பு புடைத்து, கண் சிவந்து, உடம்பு வில்லாக வளையும். கடைசியில் அடிபம்பில் தண்ணீர் ஏறும்போது வருமே, அதுபோல ஒரு நீண்ட சத்தத்தோடு மூச்சு உள்ளே போகும். சில நேரம் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். "இன்ஜினு ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது" என்பார். ஐந்து நிமிடத்தில் ஒன்றுமே நடக்காததுபோல பூஜாவை அவிழ்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இருமல் வந்து ஒன்பதாம் நாள் கிராம சுகாதார செவிலியர் கங்கா எங்கள் தெருவுக்கு வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தாமலே வீடு வீடாக, "இருமறவங்க யாருனா கீறாங்களா? ஒரு வாரத்துக்கு மேல?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவர் குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை. எங்கள் அம்மா பின்பக்கம் கையைக் காட்டினார். கை காட்டத் தேவையே இல்லை. அதற்குள் சத்தமே கேட்டுவிட்டது. கங்கா இன்ஜினை அணைத்து, தலையைச் சாய்த்து, ஒரு மூச்சுக்கு எத்தனை இருமல் என்று விரலால் எண்ணினார். பதினான்கு எண்ணியதும் பையிலிருந்து மாஸ்க்கை எடுத்துப் போட்டுக்கொண்டு பின்பக்கம் நடந்தார்.

விஷயம் இதுதான். அடுத்த தெருவில் ரஞ்சனி என்று ஒரு பெண். கணவன் ராஜசேகர் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. அவர்களுடைய மகனுக்கு நாற்பத்தோரு நாள். பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று உறிஞ்சுவதை நிறுத்தியிருக்கிறது. தூங்கிவிட்டது என்று ரஞ்சனி நினைத்தாள். குனிந்து பார்த்தால் உதடு நீலம். முதுகில் தட்டியதும் மூச்சு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் இரண்டு முறை மறுபடியும் மூச்சு நின்றது. பரிசோதனையில் கக்குவான் என்று வந்துவிட்டது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இருமல் இல்லை. வீட்டுக்கு வந்துபோனவர்கள் யார் என்று கேட்டபோது, ரஞ்சனி முதலில் சொன்னது கழுதைப்பால்காரரை.

"அந்தக் கொழந்த இருமவே இல்லியாமே நர்ஸம்மா. அது எப்படிக் கக்குவானு?" என்றார் முனிரத்தினம்.

"அதான் பயமே. உன்ன மாதிரி ஆளு இருமுவான். மூணு மாசத்துக்குள்ள கீற கொழந்தைக்கு இருமக் கூடத் தெம்பு கெடையாது. சத்தமில்லாம மூச்சு நின்னுடும்."

கங்கா அன்று எங்களுக்கு விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நம் மூச்சுக்குழாயின் உள்பக்கம் முழுக்க மிக மெல்லிய இழைகள் இருக்கின்றன. சளியை மேலே தள்ளிக்கொண்டே இருப்பதுதான் அவற்றின் வேலை. கக்குவான் கிருமி அந்த இழைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து விஷத்தைச் சுரக்கிறது. கிருமியை எதிர்க்க உடம்பு ஏராளமான வெள்ளை அணுக்களை உண்டாக்கும். ஆனால் அந்த விஷம், அவை ரத்தத்தை விட்டுச் சண்டை நடக்கும் இடத்துக்குப் போகவிடாமல் தடுத்துவிடுகிறது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி கேட் திறக்காவிட்டால் எப்படி இருக்கும்? பஸ் மேல் பஸ் வந்து ஆட்களை இறக்கிக்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் ரோட்டில் நெருக்கியடித்து நிற்பார்கள். உள்ளே மெஷினைத் தொட ஒரு ஆள் இருக்காது. ரஞ்சனியின் மகனுடைய ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அப்படித்தான் நெரிந்துகொண்டிருந்தன. ரத்தமே கெட்டிப்பட்டதுபோல் ஆகி இருதயமும் நுரையீரலும் திணறுகின்றன என்று டாக்டர் சொன்னாராம்.

இன்னொன்றும் சொன்னார். இந்த நோய் அதிகமாகப் பரவுவது பெரிய இருமல் வரும்போது இல்லை. மூக்கு ஒழுகும் முதல் நாட்களிலிருந்தே, சாதாரண ஜலதோஷம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, அது பரவ ஆரம்பித்துவிடுகிறது.

முனிரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "பால்லயா கீது அது?"

"பால்ல இல்லண்ணா. உன் மூச்சுல கீது. கொழந்த மூஞ்சிக்கு நேரா வெச்சி ஊதுறியே, அதுல கீது."

அவர் வலது கையை உயர்த்தித் தன் வாய்க்கு முன்னால் பிடித்து, மெல்ல ஊதிப் பார்த்தார். உள்ளங்கையில் அந்தக் காற்று படுவதை உணர்ந்தவர்போல கையைச் சட்டென்று கீழே இறக்கிக்கொண்டார்.

கங்கா அவர் மூக்கில் நீளமான குச்சியை விட்டு மாதிரி எடுத்தார். முடிவு வரும்வரை காத்திருக்காமல் ஐந்து நாள் மாத்திரையையும் கொடுத்தார். "அஞ்சு நாளு முடியற வரைக்கும் யார் கிட்டவும் போகாத. மாத்திர கிருமியத்தான் கொல்லும். விஷம் பண்ணிட்டுப் போன வேல அப்படியேதான் இருக்கும். இருமல் இன்னும் ரெண்டு மாசம் வரும், பயந்துக்காத" என்றார். பிறகு நோட்டைத் திறந்தார். "இப்ப சொல்லு. மூக்கு ஒழுவ ஆரம்பிச்சதிலேர்ந்து எந்தெந்த வூட்டுக்குப் போன? ஒண்ணரை மாசத்துல போடற மொத ஊசி போடாத கொழந்தைங்கதான் எனக்கு மொதல்ல வேணும். மூச்சு நிக்கறதுக்கு முன்னாடி மருந்து உள்ள போவணும்."

முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். சாம்பல் சட்டை வீடு, இரண்டாவது சந்து, இருபத்தெட்டு நாள். ரோஸ் கோட்டு வீடு, தண்ணி டேங்குக்கு எதிரில், முப்பத்தி மூன்று நாள். நாட்கள் எல்லாம் சரியாக நினைவிருந்தன. கங்கா எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"அண்ணா, சாம்பச் சட்ட அந்தச் சந்துல முப்பது வூட்ல காயுது."

அதுதான் சிக்கல். அந்தக் குழந்தைகளில் பாதி கங்காவின் பதிவேட்டில் கிடையாது. திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் கர்ப்பப் பதிவு செய்துவிட்டு, பிரசவம் முடிந்த இருபதாம் நாளே கணவன் வேலை செய்யும் இடத்துக்கு வந்துவிட்டவர்கள். யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரருக்கே சரியாகத் தெரியாது. ஒவ்வொரு கதவாகத் தட்டினால் ஒரு வாரம் ஆகும். ஒரு வாரம் காத்திருக்க முடியாது.

"பூஜாவுக்குத் தெரியும்" என்றார் முனிரத்தினம்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். கங்காவின் கையில் மருந்துப் பெட்டி. எழுத ஆள் வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்ததால் நோட்டு என் கையில் இருந்தது. முன்னால் பூஜா, அதை ஒட்டிக் குட்டி. கயிறு நீளமாக இருக்க வேண்டும் என்று முனிரத்தினமே இன்னொரு கயிற்றை முடிந்துகொண்டார். அதன் கடைசி நுனியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு, தெருவின் மறு ஓரத்தில் நடந்தார்.

பூஜா முதலில் நின்றது ரஞ்சனியின் வீட்டு வாசலில். கதவு பூட்டியிருக்கும் என்று நினைத்தோம். திறந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்துப்போக வந்திருந்த ராஜசேகர் பையோடு வெளியே வந்தான். மூன்று நாளாக மழிக்காத முகம். கழுதையைப் பார்த்தான். கயிறு போகும் வழியைப் பார்த்தான். பையைக் கீழே போட்டுவிட்டுத் தெருவைக் கடந்து ஓடினான்.

"இன்னா தைரியம் இருந்தா மறுபடியும் எம் வூட்டு வாசல்ல வந்து நிப்ப? எம்புள்ள அங்க டியூப்ல கீறான்டா!"

சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். ஓங்கிய கை மேலே நின்றது. முனிரத்தினம் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. முகத்தை மட்டும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பின்னால் திருப்பிக்கொண்டு, "தள்ளி நில்லு சாமி. எம்மூச்சு உம்மேல படும். நீ புள்ளைய தூக்குவ" என்றார்.

கங்கா நடுவில் புகுந்தார். "அடிப்பா, நல்லா அடி. அடிச்சி ஆஸ்பத்திரில போட்டுட்டு, மீதி வூட்ட நீயே காட்டு. இந்தச் சந்துல இன்னும் எத்தினி கொழந்தைக்கு ஊதினான்னு உனுக்குத் தெரியுமா?"

ராஜசேகரின் கை இறங்கியது. சட்டையை விட்டான். கீழே கிடந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தான். சந்தின் முனை வரை போனவன் திரும்பி, "தண்ணி டேங்கு கிட்ட ஒரு வூட்டுல இரட்டைக் கொழந்த கீது. அங்கயும் இந்தாளப் பாத்தேன். மறக்காதீங்க" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுப் போனான்.

அதன் பிறகு பூஜா நின்ற இடத்தில் எல்லாம் ஒரே மாதிரி நடந்தது. கழுதையைப் பார்த்து ஒரு பெண் குழந்தையோடு சிரித்துக்கொண்டு வருவாள். கங்கா சொல்லச் சொல்ல அந்தச் சிரிப்பு மறையும். குழந்தையின் எடையைப் பார்த்து, டாக்டர் எழுதிக்கொடுத்த அளவுப்படி மருந்து உறிஞ்சி, கன்னத்தின் ஓரமாகச் சொட்டு சொட்டாக விடுவார். மூச்சு நின்றாலோ நிறம் மாறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு நகர்வார். சிலர் தெருவின் மறுபக்கத்தைப் பார்த்துக் கத்தினார்கள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். "சளிக்கு மருந்துன்னு சொன்னியே, பாவி" என்று இன்னொருத்தி அழுதாள். முனிரத்தினம் ஒவ்வொரு வீட்டுக்கும் எட்டத் தள்ளி நின்று, "இதுக்கு இருபத்தெட்டு நாளு. இன்னியோட இருபத்தொம்போது" என்று நாள் கணக்கை மட்டும் சொன்னார். நடுவில் இருமல் வந்தபோது ஓடிப்போய் மின்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்து இருமினார். கழுதை காத்திருந்தது.

முந்தின நாள் அவர் சொன்னது பதினோரு வீடு. ராஜசேகர் சொன்ன இரட்டைக் குழந்தை வீடும் சேர்த்துப் பதினொன்றும் முடிந்தன. நோட்டில் எல்லாவற்றுக்கும் நேராக அடையாளம் போட்டாகிவிட்டது. வேறு எந்தக் குழந்தைக்கும் இதுவரை ஒன்றும் இல்லை என்பதால் கங்கா முதல்முறையாகத் தண்ணீர் குடித்தார். திரும்பி நடந்தோம். வழியில் பச்சை வண்ணம் பூசிய ஒரு மாடி வீட்டின் முன்னால் பூஜா நின்றது.

கீழே வரிசையாக நாலு அறைகள். இரண்டாவது அறைக்கு நேராக அது நின்றது. முனிரத்தினம் கயிற்றை இழுத்தார். அது அசையவில்லை.

"இங்கயும் குடுத்தியா?" என்றார் கங்கா.

"இல்ல நர்ஸம்மா. சும்மா நிக்குது. பசி." மறுபடியும் இழுத்தார். பூஜா நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. குட்டி அந்த அறையின் வாசற்படி வரைக்கும் போய் எதையோ தேடி முகர்ந்தது.

"அண்ணா."

"இல்லன்றேனே." குரல் உயர்ந்தது. உடனே இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்து, முட்டியைப் பிடித்து, நீளமாக இருமினார். மூச்சு திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர். கங்கா அந்தக் கதவை நோக்கி ஒரு அடி வைத்தார்.

"அது எம் பொண்ணு வூடு" என்றார் முனிரத்தினம்.

பிறகு வேகமாகச் சொன்னார். ஒரே மகள், இசைவாணி. டிப்ளமோ படித்தவள். செல்போன் கம்பெனியில் வேலை செய்தபோது கூட வேலை பார்த்த பாபுவைக் கல்யாணம் செய்துகொண்டாள். கம்பெனியில் யாரோ மாமனார் தொழிலைத் தெரிந்துகொண்டு கழுதைபோலக் கத்திக் கேலி செய்ததிலிருந்து பாபு வேறு கம்பெனிக்கு மாறினான். வீடும் மாற்றினான். புது வீட்டில், மாமனார் ஆந்திராவில் லாரி வைத்திருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தான். பெண்ணின் அம்மா உயிரோடு இல்லை என்பதால் பிரசவத்துக்குப் பிறகும் இசைவாணி இங்கேயே இருந்தாள். பேத்தியைப் பார்க்க முனிரத்தினம் வரக்கூடாது. அப்பாவாக வரக்கூடாது. ஆனால் மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா பாப்பம்மாள் ஒருநாள் கழுதையைப் பார்த்து, "கீழ் வூட்டுப் பொண்ணுக்கும் பச்சக்கொழந்த கீது, அதுக்கும் குடு" என்று சொல்ல, பால்காரராக உள்ளே போனார்.

"மூணு வாட்டி" என்றார். "மூணு வாட்டி மடில வாங்கினேன் நர்ஸம்மா. யாரும் ஒண்ணும் கேக்கல."

"எத்தினி நாளு?" என்றார் கங்கா.

"இன்னியோட இருபத்தாறு."

கங்கா கதவைத் தட்டவில்லை, தள்ளினார். இசைவாணி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு நாளா பால் குடிக்க மாட்டேங்குதுக்கா. தூங்கிக்கினே கீது. சமத்தா கீது, அழுவறதே இல்ல" என்றாள். கங்கா குழந்தையின் சட்டையை விலக்கி மார்பைப் பார்த்தார். நானும் வாசலிலிருந்து பார்த்தேன். மார்பு ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. பிறகு ஏறவில்லை. அறையில் இருந்த எல்லாரும் அந்தச் சின்ன மார்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாயைச் சுற்றிச் சாம்பல் நிறம் படர்ந்தது. ஒரு சத்தம்கூட இல்லை. கங்கா குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். மறுபடி சுண்டினார். முதுகை அழுத்தித் தேய்த்தார். மூன்றாவது சுண்டலில் கால் உதறியது. மெல்லிய பூனைக்குட்டிக் குரலில் அழுகை வந்தது.

"108 போடு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

ஒரகடம் சிக்னலில் கன்டெய்னர் லாரிகளைத் தாண்டி வண்டி வர பதினேழு நிமிடம் ஆனது. அந்தப் பதினேழு நிமிடத்தில் இன்னும் ஒருமுறை மூச்சு நின்றது. ஒருமுறை திரும்பியது. அதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பாப்பம்மாள் மாடியிலிருந்து இறங்கி வந்து, "யாரும்மா உனக்குத் துணைக்கு வருவா? உங்கப்பாவுக்குப் போன் போட்டியா? ஆந்திராவுலேர்ந்து எப்ப வந்து சேருவாரு?" என்று இசைவாணியின் தோளை உலுக்கினார்.

இசைவாணி குழந்தையை ஆம்புலன்ஸ் ஊழியரிடம் கொடுத்தாள். வண்டியில் ஏறக் காலை வைத்தவள், கூட்டத்துக்கு மேலாகத் தெருவின் மறுபக்கம் பார்த்தாள்.

"அப்பா, மாத்திர போட்டியா?" என்று கேட்டாள்.

முனிரத்தினம் தலையை மட்டும் ஆட்டினார். கதவு மூடியது. வண்டி சைரனோடு வாலாஜாபாத் ரோட்டுப் பக்கம் திரும்பியது. கூட்டம் முழுவதும் இப்போது அவரைப் பார்த்தது. பாப்பம்மாள் கழுதையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி கழுதையைப் பார்த்தார்.

"நீ வூட்டுக்குப் போண்ணா" என்றார் கங்கா. "எல்லா வூடும் முடிஞ்சிடுச்சி. பூஜா நின்ன எல்லா எடமும் பாத்துட்டோம்."

முனிரத்தினம் போகவில்லை. கூட்டத்தில் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். ஒருவன் கல்லைப் பொறுக்கினான். அவர் கயிற்றைக் கீழே விட்டார்.

"மாடிக்குக் கழுத ஏறாது நர்ஸம்மா" என்றார். "மேல கீறவங்க எறங்கி வந்து வாங்கினாங்க."

பிறகு கையை உயர்த்தி, பாப்பம்மாளின் தலைக்கு மேலே, பச்சை வீட்டின் மாடியைச் சுட்டிக் காட்டினார். எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். கைப்பிடிச் சுவருக்கு அப்பால், தோளில் ஒரு குழந்தையைச் சாய்த்துக்கொண்டு, என்ன கூட்டம் என்று ஒரு பெண் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தி ஏழு நாளு" என்றார். கையை இறக்கவில்லை.